நீ மேசையில் வைத்த கறுப்புக் கட்டி

மகனே,

நேற்று மத்தியானம் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்த அந்தக் கட்டியை நீ மேசையில் வைத்து அவிழ்த்தபோது, என் கையிலிருந்த சோற்றுப் பீங்கானை நான் கீழே வைத்துவிட்டேன். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய். "அம்மா, இது என்னெண்டு தெரியுதா? நிலக்கரி! மாங்கேணியில, எங்கட வளவுக்குள்ள!" என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். உன் மனைவியின் வீட்டுக்குப் புதுக் கிணறு தோண்டும்போது சிப்பிப் படைக்குக் கீழே, நீலக்களிக்கும் கீழே அது வந்தது என்றாய். தோண்ட வந்தவன் கறுப்பைக் கண்டதும் மேலே ஏறிவிட்டான், பயந்த மனிசன் என்று சிரித்தாய். திங்கட்கிழமை நீயே மச்சானைக் கூட்டிக்கொண்டு இறங்கி, பெரிய கட்டியாக ஒன்று வெட்டியெடுத்துக் கொழும்புக்கு அனுப்பப் போவதாகச் சொன்னாய். இருபத்தொரு வருடத்துக்கு முன் இதே வீட்டில் இன்னொரு வாயிலிருந்து கேட்ட பேச்சு அது. ஒரு சொல்கூட மாறவில்லை. நான் உன்னைப் பார்த்து, "மகன், இன்னும் கொஞ்சம் மீன் கறி போடவா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. நீ சாப்பிட்டாய், கையைக் கழுவினாய், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாய்.

நீ போனபிறகு உன் அப்பா அந்தக் கட்டியை ஒரு துணியால் மூடிவைத்தார். பிறகு என்னிடம், "நீ ஏன் சொல்லல்ல?" என்றார். "நீங்க ஏன் சொல்லல்ல?" என்றேன். இன்று காலை நான் கோயிலுக்கு, ஞாயிறு ஆராதனைக்கு, போகவில்லை. எழுத உட்கார்ந்தேன். "எழுதிக்கொண்டிருக்காத, போய்ச் சொல்லு" என்கிறார் அவர். இரண்டையும் செய்யப் போகிறேன். மத்தியான பஸ்ஸில் ஏறி வருகிறேன். ஆனால் உன் முன்னால் வந்து நின்றால் நேற்றுப் போல என் வாய் மீன் கறியைப் பற்றித்தான் பேசும். அதனால் இதை உன் கையில் தருவேன். நீ வாசித்து முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் இருப்பேன்.

உன் மாமா, என் அண்ணன், காய்ச்சலில் செத்தார் என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தோம். அது பொய். முதலில் சொன்னது உன் அப்பா, என்னைக் காப்பாற்றுவதற்காக. பிறகு நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அக்கம்பக்கமும் எனக்காக அப்படியே சொன்னது. நம் வளவின் பின்பக்கத்தில், முருங்கைக்குப் பக்கத்தில், சப்பட்டையாக ஒரு கருங்கல் கிடக்கிறதே, நீ அதன்மேல் உட்கார்ந்து கண்ணாடிப் போளை உருட்டி விளையாடியிருக்கிறாய். நம் வீட்டுக்கு மட்டும் ஏன் கிணறு இல்லை, ஏன் பக்கத்து வளவில் அள்ளுகிறோம் என்று பலதரம் கேட்டிருக்கிறாய். மகனே, அந்தக் கல்லுக்குக் கீழேதான் மணல் போட்டு மூடிய நம் கிணறு இருக்கிறது. ஒவ்வொரு மாரியும் முடிந்தபிறகு அந்த இடம் ஒரு சாண் தாழ்ந்துபோகும். அப்பா கடப்பாரையால் கல்லை நெம்பி மணல் போடுவார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது உனக்கு ஒரு விளையாட்டு. சிரட்டையில் மணல் அள்ளிக்கொண்டு ஓடிவந்து கொட்டுவாய். நான் அடுக்களைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

நமது பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை உழைத்துத் தங்கச்சிக்கு வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் தன் கல்யாணத்தை நினைப்பான். அண்ணன் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டது எனக்காக. மட்டக்களப்புக்கு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவர் பாதைக்குக் கல் பறிக்கும் கூட்டத்தில் வேலை செய்தார். நான் மிசன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தேன். விடுமுறைக்கு வந்தால் அவர் என் புத்தகங்களை எடுத்துப் படங்களைப் பார்ப்பார், நான் வாசித்துச் சொல்லுவேன். "என்ட தங்கச்சி சொன்னா புத்தகம் சொன்ன மாதிரி" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். எனக்கு அது பிடித்திருந்தது. அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். மிகவும் பிடித்திருந்தது.

எனக்குப் பதினாறு வயதில் கல்யாணம் முடிந்தது. வீடு முடிந்திருந்தது, கிணறு மட்டும் மிச்சம். உன் அப்பா வெல்லாவெளியில் பள்ளிக்கூடம் படிப்பித்தார், மாதத்துக்கு ஒருமுறை வருவார். நீ என் வயிற்றில் மூன்று மாதம். குடத்தைத் தூக்கிக்கொண்டு நான் அடுத்த வளவுக்கு நடப்பதை அண்ணனால் பார்க்க முடியவில்லை. ஏறாவூரிலிருந்து கிணறு தோண்டுகிறவர் ஒருவரைக் கூட்டிவந்தார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி அசனார் காக்கா என்று கூப்பிடுவோம். முப்பது வயது இருக்கும். பகிடிக்காரர். மணலை அள்ளி மேலே அனுப்பும்போதே கதை சொல்லிக்கொண்டிருப்பார். முதலில் வெண்மணல், பிறகு மஞ்சள் மணல், பிறகு ஒரு முழத்துக்கு மட்டிச் சிப்பியும் ஊரியும் நெருங்கிக் கிடந்த படை. அதில் நல்ல தண்ணீர் ஊறியது. வாளியில் வந்த முதல் தண்ணீரை அண்ணன் எனக்குத்தான் தந்தார். கொஞ்சம் சுண்ணாம்பு ருசி, ஆனால் உப்பு இல்லை. கோடைக்கும் வற்றாமலிருக்க இன்னும் ஒரு முழம் போகலாம் என்றார் அசனார் காக்கா. அந்த ஒரு முழத்தில் நீலக்களி வந்தது. களிக்குக் கீழே கறுப்பு வந்தது.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கிணறு ஆளுயரத்தைத் தாண்டிய நாளிலிருந்து அசனார் காக்கா ஒவ்வொரு காலையும் இறங்குவதற்கு முன் ஒரு காய்ந்த தென்னோலையைச் சூளாகக் கட்டிப் பற்றவைப்பார். கயிற்றில் அதைக் கிணற்றுக்குள் இறக்கும்போது வாய்க்குள் எதையோ ஓதுவார். அடிவரைக்கும் எரிந்துகொண்டு போகிறதா என்று பார்ப்பார். பிறகுதான் இறங்குவார். இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. மிசன் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தது அப்படி: பேய்க்கு நெருப்புக் காட்டுவதும் பூதத்துக்குச் சோறு வைப்பதும் அறியாதவர்களின் வேலை. புது வீட்டில், பிள்ளை பிறக்கப்போகிற வளவில் அது நடக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

"காக்கா, எங்கட வளவில இந்தப் பேய்க்குக் காட்டுற வேலையெல்லாம் வேணாம்" என்றேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "பேய்க்கோ? யார் தங்கச்சி பேய்க்குக் காட்டின? பிஸ்மில்லாச் சொல்லி இறக்கிறன்."

"எதுக்கு இறக்கிறீங்க எண்டு சொல்லுங்க பாப்பம்."

அவர் தலையைச் சொறிந்தார். "வாப்பா இறக்கினார், நானும் இறக்கிறன்."

நான் சிரித்தேன். அண்ணனும் சிரித்தார். "காக்கா, அவள் படிச்சவள். கதைச்சு வெல்லேலாது" என்றார். அசனார் காக்கா சூளை மணலில் குத்தி அணைத்தார். "சரி. உங்கட வளவு, உங்கட சொல்லு" என்றார். அதன்பிறகு அவர் ஓலை இறக்குவதை நான் காணவில்லை.

கறுப்பு வந்த அன்று அவர் ஏணியில் விறுவிறென்று ஏறி வந்து கையைக் கழுவினார். "தண்ணி காணும், இது போதும். கறுப்பக் கண்டா ஏறிரணும், அதுதான் எங்கட தொழில்" என்றார். ஆனால் அவர் காலில் ஒட்டி வந்த கட்டியை அண்ணன் எடுத்துப் பார்த்தார். பாரமில்லை. உடைத்தால் தகடு தகடாகப் பிரிந்தது. நான் அதை வாங்கிப் பார்த்தேன், மகனே. நீ நேற்று உன் கட்டியைப் பார்த்த அதே கண்ணோடுதான் பார்த்திருப்பேன். உள்ளே ஓடிப் பூமிசாஸ்திரப் புத்தகத்தைக் கொண்டுவந்தேன். நிலக்கரி கிடக்கும் இடத்தின் படம் அதில் நிறத்தில் போட்டிருந்தது: மேலே மணல், கீழே சிப்பி, கீழே களி, அதற்கும் கீழே பட்டையாகக் கறுப்பு. "அண்ணே, இது நிலக்கரி" என்று சொன்னவள் நான். அவர் சொல்லவில்லை, அசனார் காக்கா சொல்லவில்லை. நான்தான்.

அண்ணன் மறுநாள் ரயில் எஞ்சினில் கரி போடுகிற ஒருவரிடம் கேட்டு ஒரு துண்டு சீமைக் கரி வாங்கிவந்தார். எங்கள் கட்டியைக் கூரையில் மூன்று நாள் காயவைத்தோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடுப்பில் வைத்தேன். இரண்டும் எரிந்தன. எங்களுடையது புகைந்து புகைந்து ஒரு மாதிரி நாறி எரிந்தது, ஆனாலும் எரிந்தது. அண்ணன் அடுக்களைக்குள் ஆடினார். "கப்பலில வாறதெல்லாம் எதுக்குகா? என்ட தங்கச்சிட வளவில கிடக்கு!" அசனார் காக்காவிடம் சொன்னபோது, "அப்பிடியெண்டா இனிக் கோப்பிய ஊத்துங்க, குடிச்சிட்டு நான் ரயில ஓட்டிக்கொண்டு கொழும்புக்குப் போறன்" என்றார். ஆனால் மேலும் தோண்ட ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன் கெஞ்சினார். கடைசியில், "ஒரு முழம் மட்டும். நான் இறங்குறன், நீங்க மேல நில்லுங்க. நான் இல்லாம ஆரும் இறங்கப்படாது" என்றார். சனிக்கிழமை அந்த ஒரு முழம் போனது. ஞாயிறு ஓய்வுநாள், நாங்கள் வேலை செய்வதில்லை. கிணறு திறந்தபடி கிடந்தது.

அன்று சாயங்காலம் அண்ணன் என்னிடம் கேட்டார், ரயில் பாதை இஞ்சினியர் துரையிடம் காட்டினால் நம்புவாரா என்று. இந்தப் பொடிக் கட்டியை நம்ப மாட்டார், கைக்கு அடங்காத பெரிய கட்டியாகக் கொண்டுபோக வேண்டும் என்றேன். மகனே, நீ நேற்றுச் சொன்னது இதுதான். பெரிய கட்டி.

திங்கட்கிழமை விடிந்து கொஞ்ச நேரம். அசனார் காக்கா வரப் பிந்திவிட்டது. அண்ணனுக்கு வேலைக்குப் போக நேரம். "அவர் வரட்டும்" என்று நான் ஒருதரம் சொன்னேன். "ஒரு கட்டிதானே, இறங்கி ஏறிருவன்" என்றார். நான் மறுபடி சொல்லவில்லை. கட்டியைப் பார்க்க எனக்கும் ஆசை. அவர் ஏணியில் இறங்கினார். பாதியில் நின்று, "கூழ்முட்டை மணம் அடிக்குதுகா" என்றார். நான் மேலே நின்று பதில் சொன்னேன். என்ன சொன்னேன் தெரியுமா? "அது கரிட மணம் அண்ணே" என்றேன். அவர் நம்பினார். அடிக்குப் போய், இறைத்தபிறகு ஊறியிருந்த கணுக்கால் தண்ணீரில் குனிந்தார். இருமினார். பிறகு களைத்தவர் போலச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

வாவியில் குளிக்கும்போது அவர் செத்தவர் போல மிதந்து என்னைப் பயமுறுத்துவார். அதனால், "அண்ணே, நடிக்காதீங்க" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். இரண்டாம் தரமும் சொன்னேன். மூன்றாம் தரம் சொல்லும்போது ஏணியில் கால் வைத்துவிட்டேன். பின்னாலிருந்து யாரோ என் கொண்டையைப் பிடித்து இழுத்து மணலில் எறிந்தார்கள். அசனார் காக்கா. "வயித்துப் பிள்ளையோட சாகப் போறியா?" என்று கத்தினார். அதுவரை என்னை ஒருமையில் பேசாதவர். ஒரு சூளைப் பற்றவைத்துக் கயிற்றில் இறக்கினார். நான் மணலில் கிடந்தபடி பார்த்தேன். கிணற்றின் பாதி ஆழத்தில் அந்தச் சுடர், விரலால் கிள்ளியெடுத்த மாதிரி, இல்லாமல் போனது. காற்று ஊதி அணைந்த சுடர் அப்படிப் போகாது. அவர் வேப்பங்கொப்பை வெட்டிக் கயிற்றில் கட்டி, இறக்கியும் தூக்கியும் கிணற்றுக்குள் காற்றைக் கலக்கினார். பக்கத்து வளவு ஆட்களும் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்கள். இன்னொரு சூள் அடிவரை எரிந்துபோனபிறகுதான் ஒருவரை இறங்கவிட்டார். அண்ணனைத் தூக்கி வெளியே கிடத்தியபோது அவர் கையில் கட்டி இருந்தது. பெரிய கட்டி.

அடக்கம் முடிந்தபிறகு அசனார் காக்கா படலைக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை. "தங்கச்சி, நான் ஒவ்வொரு நாளும் நீங்க எழும்ப முன்னம் வந்து ஓலைய இறக்கிப் பாத்துப்போட்டுத்தான் இறங்கின. உங்களுக்குத் தெரியாம. அண்டைக்குத்தான் பிந்திப்போச்சு" என்றார். "அது எதுக்கெண்டு எனக்கு ஏன் சொல்லல்ல காக்கா?" என்று அழுதேன். அவரும் அழுதார். "சுடர் போனா இறங்கப்படாது எண்டு மட்டும் தெரியும். ஏன் எண்டு வாப்பா சொல்லல்ல. நான் கேக்கவுமில்ல" என்றார்.

ஆனால் எனக்குத் தெரிந்திருந்தது, மகனே. இதுதான் நான் யாரிடமும் சொல்லாதது. உன் அப்பாவிடம்கூட இன்று காலைதான் சொன்னேன். எட்டு நாள் கழித்து அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். நிறப் படம் இருந்த தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் சுரங்கத்தில் வேலை செய்பவன் ஒருவன் கையில் விளக்கோடு நிற்கிற சின்னப் படம். கரி கிடக்கும் இடத்தில் மூச்சுக்கு உதவாத காற்றுத் தேங்கி நிற்கும், விளக்கு மங்கினால் உடனே வெளியேற வேண்டும் என்று அதற்குக் கீழே எழுதியிருந்தது. அந்த வரிக்குக் கீழே நானே பென்சிலால் கோடு போட்டிருந்தேன். சோதனைக்குப் படித்த பாடம். கேள்வியாக வந்திருந்தால் முழுப் புள்ளியும் எடுத்திருப்பேன். அந்த விளக்குத்தான் அசனார் காக்காவின் ஓலை என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பிஸ்மில்லாச் சொன்னார், அது மட்டுமே என் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு நான் வாசித்த வாசிப்பெல்லாம் அந்த ஒரு தாளைத் திருப்பாமல் விட்டதற்காகத்தான் என்று நினைக்கிறேன். நான் எப்போதும் புத்தகத்தோடு இருக்கிறேன் என்று நீ பகிடி பண்ணுவாய். நம் காலுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று இப்போது கொஞ்சம் தெரியும். ஒருகாலத்தில் வாவி இன்னும் அகன்று கிடந்தது. அதன் கரையெல்லாம் உப்புத் தண்ணீரில் வேர்விட்டு நிற்கிற கண்டல் காடு. ஆறுகள் சேற்றைக் கொண்டுவந்து அந்தக் காட்டை மூடின. சேற்றின்மேல் மட்டியும் ஊரியும் வாழ்ந்து செத்தன. கடல் அதன்மேல் மணலை வாரிப் போட்டது. காற்றுப் படாமல் கிடந்த காடு உக்கவுமில்லை, கரியாகவுமில்லை. அழுகிய மூச்சை விட்டுக்கொண்டு அப்படியே கிடக்கிறது. வெட்டித் திறந்தால் அந்த மூச்சுக் கிணற்றுக்குள் வந்து தேங்குகிறது. நேற்று நீ போனபிறகு உன் கட்டியை நான் கத்தியால் பிரித்துப் பார்த்தேன். உள்ளே சுருட்டைப் போல நீண்ட கண்டல் காய் ஒன்று, தோல்கூடக் கெடாமல் இருந்தது. அதை உனக்குக் கொண்டுவருகிறேன். கப்பலில் வருகிற கரியில் இப்படி ஒரு காயைக் காண மாட்டாய். ரயிலுக்கு உதவாது, மகனே. நம் வளவில் கிடந்ததும் உதவியிராது. அண்ணன் ஒன்றுமில்லாததற்காகப் போனார்.

உன்னை ஒன்று கேட்கிறேன். அந்த வளவு உன் மனைவியின் வளவு. அவளிடம் கேட்டாயா? நேற்று நீ சிரித்துக்கொண்டு சொன்னாய்: "அவளிட்டக் கேட்டா வேணாமெண்டுதான் சொல்லுவாள், அதால கேக்கல்ல" என்று. வேண்டாம் என்று சொல்லக்கூடியவளிடம் கேட்காமல் செய்கிற குணம் உனக்கு என்னிடமிருந்து வந்திருக்கலாம். நானும் அசனார் காக்காவிடம் வெல்வதற்காகத்தான் கேட்டேன், தெரிந்துகொள்வதற்காக அல்ல. உன் வீட்டுக் கிணற்றிலிருந்து ஏறிப்போன அந்த மனிதனின் வீட்டை விசாரித்துப் போ. பயந்தவன் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேள். அவனும் ஏதாவது ஓதுகிறவனாக இருந்தால் ஓதட்டும். உன் மச்சான் உன் பேச்சை நம்பித்தான் இறங்கப்போகிறான் என்பதையும் நினைத்துக்கொள். அன்று எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

இதை வாசித்தபிறகு நீ என்னை வெறுக்கலாம். உன் மாமாவை உன்னிடமிருந்து இரண்டுதரம் எடுத்தேன், ஒருதரம் கிணற்றில், ஒருதரம் பொய்யில். நீ கோபப்பட்டால் நான் தடுக்கப்போவதில்லை. கோபப்படுவதற்கு நீ உயிரோடு இருந்தால் போதும்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. உன் அப்பா தென்னோலையில் சூள் கட்டித் தந்திருக்கிறார். பெண்பிள்ளை ஒருத்தி ஓலைச் சூளோடு பஸ்ஸில் ஏறினால் நாலு பேர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இதை வாசித்து முடித்ததும் நிமிர்ந்து பார். நான் எதிரில்தான் இருப்பேன், தீப்பெட்டி என் கையில் இருக்கும். ஒன்றும் பேச வேண்டாம். உன் மனைவியையும் மச்சானையும் கூப்பிடு. நாலு பேருமாகக் கிணற்றடிக்குப் போவோம். நீ கயிற்றைப் பிடி, நான் பற்றவைத்து இறக்குகிறேன். அந்தச் சுடர் எந்த இடத்தில் போகிறது என்று உன் கண்ணால் பார்.

அம்மா